தோளில் ஏறிய பாணரும் திறவாத வாசலும்

காவிரியின் தென்கரையில் யாழும் கையுமாக நின்று, எதிரே தோன்றும் அரங்கன் திருக்கோயிலை நோக்கிப் பாடிக்கொண்டிருந்தார் பாணர் ஒருவர். நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் அவரை விலகுமாறு கூவினார். பாட்டில் தோய்ந்திருந்தவர் செவியில் அது விழவில்லை. முனிவர் எறிந்த கல் பாணர் மீது பட்டது. குருதி கசிந்ததோ கருவறையில் துயிலும் பெருமாளின் திருமேனியில். பின்னர் இறைவன் ஆணைப்படி முனிவரே கரைக்குச் சென்று பாணரை அழைத்தார். அரங்கத்து மண்ணில் தம் கால் படலாகாது என்று அவர் பின்வாங்கவே, தம் தோளில் ஏற்றிக் கருவறை வரை சுமந்து சென்றார். இது வைணவக் குருபரம்பரை நூல்கள் தரும் திருப்பாணாழ்வார் வரலாறு. இந்நிகழ்ச்சியால் அவருக்கு முனிவாகனர் என்ற பெயரும் அமைந்தது.

இவ்வரலாற்றைப் படிப்பவர் பெரும்பாலும் முனிவரின் தோளையே நினைவில் கொள்வர். கல்லெறிந்த கையே சுமக்கும் தோளாக மாறியது உண்மையில் பெரிய மாற்றந்தான். ஆயினும் கதையின் முடிவு சற்று நின்று நோக்கத்தக்கது. பாணர் கருவறை அடைந்தார், அரங்கனைப் பாதம் முதல் முடி வரை கண்டார், பாடினார், இறைவனோடு கலந்து மறைந்தார். அவர் வெளியே வரவில்லை. அவர் பின்னே அவருடைய சுற்றத்தார் எவரும் உள்ளே சென்றதாகவும் கதை சொல்லவில்லை. வாசல் ஒருவருக்காக ஒருமுறை திறந்து, அவர் உள்ளிருக்கவே மூடிக்கொண்டது.

சைவத்தில் திருநாளைப்போவார் வரலாறும் இவ்வாறே முடிகிறது. 8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவர் பெயரை ஒரு தொடரில் சொல்லி வணங்கினார். சாதி பற்றியோ தீ பற்றியோ அங்கே பேச்சில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அவ்வரலாற்றை விரித்தார். ஆதனூரில் பிறந்து, கோயில் முழவுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் தந்து தொண்டு செய்த நந்தனார், திருப்புன்கூர்க் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றபோது, மறைத்திருந்த நந்தி விலகிக் காட்சி தந்தது. நந்திதான் விலகியது, வாயில் அவரை உள்ளே விடவில்லை. தில்லையிலோ எல்லையை வலம் வந்தவரை எரியில் மூழ்கி வருமாறு இறைவன் கனவில் பணித்தான். தீயினின்று எழுந்தவர் மார்பில் நூலும் தலையில் சடையும் உடைய முனிவராக எழுந்தார். அவ்வடிவில் அம்பலம் புகுந்து மறைந்தார். ஒருவர் தோளில் ஏறிச் சென்றார். மற்றவர் தீயில் இறங்கிச் சென்றார். நிலத்தில் கால் ஊன்றி வாசல் வழியாக நடந்து சென்றவராக இருவரையுமே வரலாறு காட்டவில்லை.

இனித் திருப்பாணாழ்வாரின் பாட்டுக்கு வருவோம். அமலனாதிபிரான் பத்தே பாசுரங்களால் ஆனது. திருவடியில் தொடங்கி, அரையிற் செவ்வாடை, உந்தி, வயிற்றணி, மார்பு, கழுத்து, வாய், கண்கள், முழுத் திருமேனி என்று பார்வை படிப்படியாக மேலேறுகிறது. இறுதிப் பாசுரத்தில் அக்கண்கள் வேறொன்றையும் இனிக் காணா என்று முடிகிறது. அந்தாதியும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. பாணன் என்ற சொல் இதில் எங்குமே இல்லை. தாம் தாழ்ந்தவர் என்றோ, விலக்கப்பட்டவர் என்றோ, சுமந்துவரப்பட்டவர் என்றோ ஒரு குறிப்பும் இல்லை. பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவனுக்கும் இடையே மூன்றாவது ஆள் எவரும் அப்பாட்டில் நிற்கவில்லை. பிறப்பு பற்றிய கேள்வி பாட்டில் எழவில்லை, பாடியவரைப் பற்றிப் பின்னர் சொன்னவர்களிடமே எழுந்தது. கவிஞர்கள் மனம்கொள்ள வேண்டிய செய்தி இது. வேதாந்த தேசிகர் இப்பத்துப் பாசுரங்களுக்கு எழுதிய உரைக்கு முனிவாகன போகம் என்று பெயரிட்டார். பாட்டில் இல்லாத தோள் உரையின் தலைப்பில் வந்து அமர்ந்துகொண்டது. பாணருக்குப் பெற்றோர் இட்ட பெயர் என ஒன்றும் வழங்கவில்லை. அவருக்கு வழங்கும் இரு பெயர்களுள் ஒன்று குலத்தைச் சொல்கிறது, மற்றொன்று சுமந்தவரைச் சொல்கிறது.

வைணவத்தின் சமத்துவப் பார்வையை ஆராய்வோர் பெரும்பாலும் இக்கதைகளோடும் இராமாநுசர் வரலாற்றோடும் நின்றுவிடுகின்றனர். திருக்கோட்டியூரில் பதினெட்டு முறை நடந்து பெற்ற மறைபொருளை, தமக்கு நரகம் வந்தாலும் வருக என்று அவர் பிறருக்கு வெளியிட்ட நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. எவ்விடத்தில், எவர்க்கு, எப்பொருளை வெளியிட்டார் என்பதில் நூல்களும் வழக்குகளும் வேறுபடுகின்றன. இன்று மக்கள் மனத்தில் நிற்பது கோபுரத்தின் மேல் நின்று ஊரறியக் கூவும் உருவம். அவ்வுருவத்தை மக்கள் விரும்பி ஏற்றதே ஒரு வரலாற்றுச் செய்தி எனலாம்.

இராமாநுசரின் வாழ்வில் கோபுரத்தைவிடச் சிறிய நிகழ்ச்சிகள் சில, இப்பொருளில் மிகுதியாகப் பேசுகின்றன. காஞ்சியில் வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்த திருக்கச்சி நம்பி அந்தணர் அல்லர். இராமாநுசரின் ஐயங்களுக்குப் பெருமாள் தந்த ஆறு விடைகளும் அவர் வாய்மொழியாகவே வந்தன. அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி இராமாநுசர் வீட்டுக்கு அழைத்தார். அவர் வெளியே சென்றிருந்த வேளையில் மனைவியார் நம்பிக்கு உணவிட்டு, இடத்தைத் தூய்மை செய்து, தாமும் நீராடிவிட்டார். துறவுக்கு இட்டுச் சென்ற மனவேறுபாடுகளுள் இதுவும் ஒன்று. திருவரங்கத்தில் நீராடச் செல்லும்போது அந்தணரான முதலியாண்டான் கைபற்றிச் செல்வதும், நீராடித் திரும்பும்போது மல்லரான பிள்ளை உறங்காவில்லிதாசர் கைபற்றி வருவதும் அவர் வழக்கமாக இருந்தன என்பர். நீராடிய பின்னர் எவரைத் தொடலாகாது என்று ஊர் எண்ணியதோ, அவரையே தொட்டு வந்தார்.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரமசூத்திரத்துக்கு இராமாநுசர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், வேதம் ஓதுவதன்வழி வரும் பிரம வித்தைக்கு நான்காம் வருணத்தார் உரியர் அல்லர் என்ற பழைய முடிவையே அவரும் ஏற்கிறார். பக்தியோகம் என்பது அவர் நெறியில் வேதாந்தக் கல்வியின் மேல் எழுந்த உபாசனை. அக்கல்வி மறுக்கப்பட்டவருக்கு அவ்வழியும் இல்லை. நூலில் மூடியிருக்கும் வாசலையே வாழ்வில் அவர் தட்டிக்கொண்டிருந்தார் என்று கொள்வதா, இரண்டையும் இரு தளங்களாகக் கொள்வதா என்பது அறிஞரிடையே முடியாத வழக்கு. ஒன்று தெளிவு. வேதக் கல்வியை வேண்டாத ஒரு வழியை அவர்பின் வந்தோர் முதன்மைப்படுத்த வேண்டியிருந்தது. அதுவே சரணாகதி எனப்படும் பிரபத்தி.

அவ்வழியின் இலக்கணத்தை வகுத்தவர்களுள் தலைசிறந்தவர் பிள்ளை லோகாசாரியர். வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மைந்தர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் திருவரங்கத்தில் வாழ்ந்தவர். வடமொழி அறியாதாரும் பெண்டிரும் பொருளுணர வேண்டும் என்றே மணிப்பிரவாள நடையில் பதினெட்டு ரகசிய நூல்களை இயற்றினார். அவற்றுள் ஸ்ரீவசன பூஷணம் மிகச் சிறிய வாக்கியங்களால் ஆனது. ஒவ்வொரு வாக்கியமும் வழக்குமன்றத்தில் வைக்கப்படும் சான்று போல் சுருங்கி நிற்கும்.

பிரபத்திக்கு இடம், காலம், முறை, செய்பவர் தகுதி, பெறும் பயன் ஆகிய எதிலும் வரையறை இல்லை என்பது அந்நூல் நாட்டும் கொள்கை. கொள்கையைச் சொல்லி அவர் நின்றுவிடவில்லை. சான்றுகளை நிரல்படுத்துகிறார். துரியோதனன் அவையில் சரண் என்று கூவிய திரௌபதி நீராடித் தூய நிலையில் இருந்தவள் அல்லள். கீதையின் இறுதி உபதேசத்தை அருச்சுனன் கேட்டது கோயிலில் அன்று, பொல்லாதவர் நடுவே போர்க்களத்தில். சரணடைந்தவர் யார் யார் என்று பார்த்தால் பாண்டவரும் திரௌபதியும் மட்டுமா? சீதைக்குத் தீங்கிழைத்த காக்கை, காளியன் என்னும் பாம்பு, முதலை வாயில் அகப்பட்ட யானை, பகைவனின் தம்பியாகிய வீடணன், கடலரசனிடம் சரண் புகுந்த இராமன், அண்ணனிடம் சரண் புகுந்த இலக்குவன் ஆகிய அனைவரும் அப்பட்டியலில் வருகின்றனர். காக்கையும் பாம்பும் இராமபிரானோடு ஒரே வரிசையில் நிற்பது தற்செயலன்று. தகுதி என்ற சொல்லுக்கே இங்கு வேலையில்லை என்பதைக் காட்டத்தான் அவர் விலங்கையும் இறைவனையும் அருகருகே நிறுத்துகிறார்.

இதற்கும் ஒருபடி மேலே செல்கிறது அவர் வாதம். உயர்ந்த பிறப்பு என்று மயங்கிக் கொள்ளப்படும் பிறப்பு உண்மையில் அச்சத்துக்கு உரியது. செருக்கால் வழுக்கி விழும் ஆபத்து அதற்கு உண்டு. அடியானுக்குரிய பணிவை அப்பிறப்பினர் முயன்று வருவித்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்தது என்று மயங்கிக் கொள்ளப்படும் பிறப்புக்கோ அப்பணிவு பிறப்பிலேயே வாய்த்தது. எனவே அதுவே உயர்ந்த பிறப்பு. இறைவன் எழுந்தருளியிருக்கும் விக்கிரகம் எந்த உலோகத்தால் ஆனது என்று ஆராய்வதும், அடியாரின் சாதி எது என்று ஆராய்வதும் பெற்ற தாயின் கற்பைச் சோதிப்பதற்கு ஒப்பான கொடுமை என்றும் கூறுகிறார். இவ்வளவு கடுமையான உவமையை அவர் கையாள வேண்டியிருந்தது எனின், அத்தகைய ஆராய்ச்சி அவர் காலத்தில் அவரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

தாழ்ந்தவருக்குப் பணிவு இயல்பானது என்ற இவ்வாதத்தில் இன்றைய வாசகருக்கு ஓர் உறுத்தல் எழுவது இயல்பே. அடக்கப்பட்டவரின் ஒடுக்கத்தைப் பணிவு என்று பாராட்டுவது எளிது, அதனால் ஒடுக்கம் நீங்கிவிடாது. ஆயினும் மயங்கிக் கொள்ளப்படும் என்ற அடைமொழியை ஆசிரியர் இருபுறமும் வைத்திருப்பது குறிப்பிடத்தக்கது. உயர்வும் மயக்கம், தாழ்வும் மயக்கம். 700 ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அந்தண ஆசாரியர் எழுதிய வாக்கியம் இது.

அவர் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹிருதயத்தில் இவ்வாதத்தை நம்மாழ்வாரைக் கொண்டு வளர்த்தார். வேளாளர் குலத்தில் தோன்றிய நம்மாழ்வாரை அந்தணரான மதுரகவி குருவாகக் கொண்டதும், அவர் பாடிய திருவாய்மொழி தமிழ் வேதமாக ஓதப்படுவதும் அவருக்குக் கிடைத்த பெரும் சான்றுகள். அச்சான்று வரிசையில் ஒன்று மாறனேர் நம்பியைப் பற்றியது. ஆளவந்தாரின் மாணவரான மாறனேர் நம்பி தீண்டத்தகாதார் எனப்பட்ட குலத்தவர். அவர் மறைந்தபோது அவருடைய வேண்டுகோளின்படி இறுதிக் கடன்களை அந்தணர்க்குரிய முறையில் செய்தவர் இராமாநுசரின் ஆசிரியராகிய பெரிய நம்பி. ஊர் கொதித்தது. இராமாநுசரே சென்று காரணம் கேட்டார். கழுகரசன் சடாயுவுக்குக் கடன் செய்த இராமனைவிட நான் உயர்ந்தவனா, அப்பறவையைவிட இவர் தாழ்ந்தவரா என்ற பொருளில் பெரிய நம்பி திருப்பிக் கேட்டாராம். விதுரனுக்குக் கடன் செய்த தருமனையும் சான்றாகக் காட்டி, அடியார் பெருமையை நம்மாழ்வார் பாடிய பதிகங்கள் வெறும் கடலோசைதாமா என்றும் வினவினாராம். ஊரார் கொதித்த செயலை இராமாநுசர் ஊரறியச் சரி என்று காட்ட விரும்பியே இக்கேள்வியை எழுப்பினார் என்பது மரபினர் தரும் விளக்கம்.

பெரிய நம்பியின் மறுமொழியில் கவனிக்க வேண்டியது, அவர் இரக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது. பாடியதை நம்புகிறோமா இல்லையா என்பதே அவர் கேள்வி. நாள்தோறும் கோயிலில் ஓதப்படும் பாசுரம் ஓசையாக மட்டும் இருந்தால் ஓதுவதற்கும் அலைக்கும் வேறுபாடு இல்லை. பொருளுடையதாக இருந்தால் அப்பொருள் சுடுகாடு வரை வர வேண்டும்.

இக்கொள்கைக்கு மறுப்பும் வைணவத்துக்குள்ளிருந்தே வந்தது. வேதாந்த தேசிகர் எவரும் பிரபத்தி செய்யலாம் என்பதில் ஐயம் கொள்ளவில்லை. அடியார் எக்குலத்தவராயினும் மதிக்கத்தக்கவர் என்பதும் அவருக்கு உடன்பாடே. ஆனால் உடல் உள்ளவரை சாதி உண்டு, அதற்குரிய ஒழுக்க வேறுபாடும் உண்டு என்பது அவர் முடிபு. பின்னாளில் தென்கலை வடகலை என்று கிளைத்த பிரிவின் வேர்களுள் இதுவும் ஒன்று. அருள் எல்லார்க்கும் உரியது என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர். அருள் பெற்றவர் அதன்பின் எங்கே நிற்கலாம் என்பதில்தான் வேறுபட்டனர். வழக்கு எப்போதும் நிற்கும் இடத்தைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது.

1323இல் தில்லிப் படை வந்தபோது நம்பெருமாளை மூடு பல்லக்கில் ஏற்றிக்கொண்டு முதுமையோடு வெளியேறிய பிள்ளை லோகாசாரியர், மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் உயிர் நீத்தார். கோயிலை இழந்த காலத்தில் அலைந்து முடிந்த வாழ்வு அது. பெருமாள் திருவரங்கம் திரும்பியது 1371இல். அதன்பின் மணவாள மாமுனிகள் ஸ்ரீவசன பூஷணத்துக்கும் ஆசார்ய ஹிருதயத்துக்கும் விரிவுரை எழுதி அவ்வாதங்களை நிலைநிறுத்தினார். நூல் நிலைத்தது. வாசல் எவ்வாறிருந்தது?

அதற்கு விடை தேடக் கருநாடகத்து மேல்கோட்டை வரை செல்லலாம். சோழ நாட்டை விட்டு நீங்கிய இராமாநுசர் பல்லாண்டு தங்கிய தலம் அது. செல்வப்பிள்ளையின் உற்சவத் திருமேனியை மீட்டு வந்தபோது தீண்டாதார் எனப்பட்ட மக்கள் உதவினர். அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டிக் கோயிலுக்குள் வந்து வழிபடும் உரிமையை அவர் வழங்கினார் என்பது அவ்வூர் மரபு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியில் பயணம் செய்த புக்கானன் முதலியோர் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளனர். அவ்வுரிமை ஆண்டில் மூன்று நாள்களுக்கு உரியது. அந்நாள்கள் கழிந்ததும் கோயில் தூய்மைச் சடங்கு செய்யப்பட்டது. பிரபத்திக்குக் கால வரையறை இல்லை என்றது நூல். வாசலோ மூன்று நாள் என்று எண்ணி வைத்திருந்தது. ஆயினும் நாட்டின் பெரும்பாலான கோயில்களில் அம்மூன்று நாளும் இல்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் வந்தபின் இவ்வழக்கு வேறு மொழியில் பேசப்பட்டது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து எழுந்த வழக்கு, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று அவர்களுக்கு எதிராக முடிந்தது. அங்கே தீர்ப்புக்கு அடிப்படையாக நின்றது நெடுநாளைய வழக்கம். பாசுரமோ புராணமோ ரகசிய நூலோ அதை அசைக்கவில்லை. திருநாளைப்போவாரின் படிமம் எந்தக் கோயில்களின் திருச்சுற்றில் நின்றதோ, அக்கோயில்களின் வெளியே அவர் குலத்தார் நின்றனர்.

1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். தமிழகத்தில் 1939 சூலை 8ஆம் நாள் மதுரை அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், தாழ்த்தப்பட்ட மக்களைச் சேர்ந்த ஐவரும் நாடார் வகுப்பினர் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுள் சென்று வழிபட்டனர். பின்னாளில் அமைச்சரான பி. கக்கன் அவர்களுள் ஒருவர். எவர் தோளிலும் அவர் ஏறவில்லை. தீயும் மூட்டப்படவில்லை. நடந்து சென்றார்கள், வழிபட்டார்கள். திருப்பாணாழ்வார் வரலாற்றிலும் நந்தனார் வரலாற்றிலும் இல்லாத ஒன்று அடுத்து நிகழ்ந்தது. சென்றவர்கள் திரும்பி வந்தார்கள்! எதிர்ப்பு எழுந்தது, பட்டர்களிற் சிலர் பூசை செய்ய மறுத்தனர். அழைத்துச் சென்றவர்கள்மீதும் அனுமதித்த அலுவலர்மீதும் வழக்குத் தொடராதபடி காக்க, இராசாசி அமைச்சரவை முதலில் அவசரச் சட்டமும் பின்னர் முறையான சட்டமும் கொண்டுவந்தது. கடவுளைக் காண ஒருவரை அழைத்துச் சென்றவர் தண்டனைக்கு ஆளாகாமலிருக்கச் சட்டம் தேவைப்பட்டது. லோகசாரங்க முனிவருக்கு இறைவன் ஆணை போதுமாயிருந்தது. 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது.

அச்சட்டம் திறந்தது பிற வழிபடுவோர் நிற்கும் இடம் வரையில். முனிவர் பாணரை இறக்கிவிட்ட இடமோ கருவறை. பிறப்பு நோக்காது பயிற்சி பெற்ற எவரும் அருச்சகராகலாம் என்னும் முயற்சி தமிழகத்தில் 1970இல் சட்டமாயிற்று. வழிவழி உரிமையை நீக்கியது செல்லும், ஆகம வழக்கு மாறலாகாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006இல் அரசு மீண்டும் ஆணை பிறப்பித்துப் பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கியது. வைணவ முறைக்கென அமைந்த பள்ளிகளுள் ஒன்று திருவரங்கத்தில் இருந்தது. பயின்று தீட்சை பெற்றவர்கள் பணியின்றிப் பல்லாண்டு காத்திருந்தனர். 2015இல் மற்றொரு தீர்ப்பு ஆகம விதியையும் அரசியல் சட்டத்தையும் ஒருங்கே நோக்கி, ஒவ்வொரு நியமனத்தையும் தனித்தனியே ஆராயவேண்டும் என்றது. 2021 ஆகஸ்டு 14ஆம் நாள் அவர்களுள் 24 பேர் பணி ஆணை பெற்றனர். அந்நியமனங்களும் நீதிமன்றத்தில் வழக்காயின.